மூன்று கோப்புகள்: வெளிநாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுப்பவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப் போகிறோம் என்றால் எல்லோரும் சொல்வது "பேப்பர் வேலை நிறைய" என்றுதான். நிறையதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை யாரையும் கவிழ்ப்பதில்லை. எந்தக் காகிதம் யாருடைய கேள்விக்குப் பதில், அது எத்தனை மாதம் செல்லும் என்று தெரியாமல் சேர்த்துக்கொண்டே போவதுதான் கவிழ்க்கும்.

நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவள். ரசீதைக் கையில் எடுத்தால் தொகைக்கு முன்பு தேதிக்குத்தான் கண் போகும். எங்கள் மகள் வேறொரு நாட்டில் பிறந்து எங்களிடம் வந்தவள். அவள் வந்த பிறகு, தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பலர் தங்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து "ஒரு தடவை பார்த்துக் கொடுங்களேன்" என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்ததில் படிந்ததை எழுதுகிறேன். இது சட்ட ஆலோசனை இல்லை. வக்கீலிடமும் ஏஜென்சியிடமும் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கான குறிப்பு.

முதல் நாளே மூன்று கோப்பு போடுங்கள். ஒன்று, உங்களைப் பற்றிய காகிதங்கள். இரண்டாவது, குழந்தையைப் பற்றியவை. மூன்றாவது, இரண்டு நாட்டு அரசுகளும் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்பவை. முதல் கோப்பை நீங்கள் தயாரிக்கிறீர்கள். இரண்டாவதை வேறு யாரோ தயாரிக்கிறார்கள், நீங்கள் வாசிக்கிறீர்கள். மூன்றாவதில் உங்கள் கை படாது, ஆனால் அதன் வரிசை தப்பினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். பெரும்பாலானவர்கள் முதல் கோப்பிலேயே எல்லாப் பலத்தையும் செலவழித்துவிட்டு, இரண்டாவது வரும்போது களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாத கோப்பு அதுதான்.

எந்த வழி என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கு 1993 மே 29 அன்று ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் முடிவானது. 1995 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் வசிக்கும் நாடு, குழந்தை வசிக்கும் நாடு இரண்டுமே அதில் இருந்தால் ஒரு வழி. ஏதாவது ஒன்று இல்லையென்றால் வழியும் வேறு, படிவங்களும் வேறு. இரண்டும் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. பின்னால் சேர்ந்த ஒரு நாட்டை முன்பே இருக்கும் நாடு ஏற்க மறுக்கலாம். அப்படி மறுத்திருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒப்பந்தம் செல்லாது. ஹேக் மாநாட்டு அமைப்பின் இணையதளத்தில் உறுப்பு நாடுகளின் பட்டியல் இருக்கிறது. அதில் நாட்டின் பெயரை மட்டும் பார்க்காமல் பக்கத்துக் குறிப்பையும் படியுங்கள்.

ஒப்பந்தம் உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. நீங்கள் வழக்கமாக எங்கே வசிக்கிறீர்கள் என்றுதான் பார்க்கிறது. ஒரு நாட்டின் குடிமகனாக இருந்துகொண்டு இன்னொரு நாட்டில் வேலை பார்ப்பவர், வேலை பார்க்கும் நாட்டின் மத்திய தத்தெடுப்பு அமைப்பிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீடு மாறும் திட்டம், நாடு மாறும் திட்டம் இருந்தால் அதை முடித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. நடுவில் நாடு மாறினால் முதல் கோப்பு கிட்டத்தட்ட முழுவதும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

"சொந்த அக்கா குழந்தைதானே, இதற்கெல்லாம் என்ன சட்டம்?" என்று கேட்டு வருபவர்கள் நிறைய. உறவுக் குழந்தைக்கும் இதே ஒப்பந்தம்தான், இதே காகிதங்கள்தான். ஒரு சலுகை உண்டு. பொதுவாக, தேவையான அனுமதிகள் முடியும்வரை வளர்க்கப்போகிறவர்களும் பெற்றவர்களும் தொடர்புகொள்ளக் கூடாது என்பது விதி. குடும்பத்துக்குள் நடக்கும் தத்தெடுப்புக்கு அந்தத் தடை இல்லை. அவ்வளவுதான். வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொண்ட பத்திரத்தை வைத்துக்கொண்டு விசா அதிகாரி முன் நின்றால் அவர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சில நாடுகளின் சட்டத்தில் தத்தெடுப்பு என்பதே கிடையாது. இஸ்லாமியச் சட்டம் உள்ள பல நாடுகளில் கஃபாலா என்ற பாதுகாவல் முறை இருக்கிறது. அது தத்தெடுப்பு ஒப்பந்தத்துக்குள் வராது. உங்கள் நாடு கஃபாலா உத்தரவை வைத்து விசா தருமா, பிறகு உங்கள் ஊரில் தத்தெடுக்க அனுமதிக்குமா என்பதைக் குடியேற்றத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

இன்னொன்று. நாடுகள் கதவைச் சாத்தும், அதுவும் திடீரென்று. 2013 தொடக்கத்திலிருந்து ரஷ்யா அமெரிக்கர்களுக்குக் குழந்தைகளைத் தருவதை நிறுத்தியது. எத்தியோப்பியா 2018இல் வெளிநாட்டவர் தத்தெடுப்பதையே தடை செய்தது. சீனா 2024இல் உறவினர், மறுமணக் குடும்பக் குழந்தைகள் தவிர மற்றவர்களுக்கு முடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பாதிக் கோப்போடு நின்ற குடும்பங்கள் உண்டு. அதனால் ஏஜென்சியிடம் "இந்த நாட்டில் முடியுமா?" என்று கேட்காதீர்கள், முடியும் என்றுதான் சொல்வார்கள். "இப்போது புதிய விண்ணப்பம் வாங்குகிறார்களா? எந்த வயதுக் குழந்தைகளுக்கு? போன வருடம் உங்கள் மூலம் முடிந்தவை எத்தனை?" என்று கேளுங்கள். ஒப்பந்தத்தின்படி, ஒரு நாட்டின் ஏஜென்சி இன்னொரு நாட்டில் வேலை செய்ய இரண்டு நாடுகளின் அங்கீகாரமும் வேண்டும். இரண்டு அங்கீகாரக் கடிதங்களையும் காட்டச் சொல்லி, காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்டத் தயங்கும் ஏஜென்சியிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.

உங்கள் கோப்பு

இதன் நடுத்தூண் ஹோம் ஸ்டடி எனப்படும் குடும்ப ஆய்வறிக்கை. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார், இருவரோடும் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசுவார். அலமாரியைத் திறந்து பார்ப்பார்களோ என்று பயந்து வீட்டுக்கு வெள்ளையடித்தவர்களை எனக்குத் தெரியும். வெள்ளையடிப்பது உங்கள் விருப்பம். கவனிக்க வேண்டியது அறிக்கையின் கடைசிப் பகுதி. எப்படிப்பட்ட குழந்தைக்கு இந்தக் குடும்பம் பொருத்தம் என்று அதில் எழுதியிருக்கும்: வயது வரம்பு, எத்தனை குழந்தைகள், எந்த மாதிரியான உடல்நலத் தேவைகள். "மூன்று வயதுக்குள் ஒரு குழந்தை" என்று அதில் இருந்து, உங்களுக்குக் காட்டப்படும் குழந்தைக்கு நான்கு வயது என்றால், அறிக்கையைத் திருத்தி மறுபடி ஒப்புதல் வாங்காமல் நகர முடியாது. சமூகப் பணியாளர் வரைவைக் காட்டும்போது பாராட்டு வரிகளைத் தாண்டிப்போய் இந்தப் பத்தியை வாசியுங்கள். உங்களால் மனதார முடியும் என்ற எல்லை வரைக்கும் அகலமாக எழுதச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவை: பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், முந்தைய மணமுறிவு இருந்தால் அதன் உத்தரவு, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ், கைரேகை. இவற்றில் நேரம் தின்பது ஒன்றுதான். முன்பு வசித்த நாடுகளிலிருந்து வாங்க வேண்டிய நன்னடத்தைச் சான்றிதழ். எவ்வளவு காலம் தங்கியிருந்தால் தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறும். இரண்டு மூன்று நாடுகளில் வேலை பார்த்தவர்கள் அந்த வேலையை முதலில் ஆரம்பியுங்கள்.

அப்புறம் தேதிகள். ஓர் அட்டவணை போடுங்கள். ஆவணத்தின் பெயர், வாங்கிய தேதி, உங்கள் நாட்டில் எத்தனை மாதம் செல்லும், குழந்தையின் நாட்டில் எத்தனை மாதம் செல்லும். இந்த நான்கு பத்தி போதும். கடைசி இரண்டும் ஒன்றாக இருக்காது என்பதற்காகத்தான் இந்த அட்டவணையே. உதாரணத்துக்கு அமெரிக்காவில் விண்ணப்பிக்கும்போது ஹோம் ஸ்டடி ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, கைரேகை 15 மாதம் செல்லும். குழந்தையின் நாடு இதே அறிக்கைக்கு வேறு ஆயுள் வைத்திருக்கலாம். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆயுள் நீண்டதை முதலில் வாங்குங்கள், குறுகியதைக் கடைசியில். மருத்துவச் சான்று, வேலைக் கடிதம், வங்கிக் கடிதம் மூன்றும் எப்போதும் கடைசி. "கையில் இருக்கட்டுமே" என்று முதல் வாரமே டாக்டரிடம் ஓடுபவர்கள், கோப்பு அனுப்பும் நேரத்தில் மறுபடி ஓடுவார்கள்.

பெயரைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களுக்கு இது தனித் தலைவலி. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் விரிந்து, திருமணச் சான்றிதழில் கணவர் பெயர் ஒட்டி, வங்கியில் வேறு எழுத்துக்கூட்டு. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். தமிழே கேள்விப்படாத ஒரு நீதிமன்ற எழுத்தருக்கு அது நான்கு பேர். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அளவுகோலாக வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கும் ஒவ்வொரு கடிதமும் எழுத்துக்கு எழுத்து அதேபோல் வரவேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஆவணங்களை மாற்ற முடியாது. இந்த எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, அதையும் மற்ற ஆவணங்களோடு சேர்த்து அப்போஸ்டில் செய்துவிடுங்கள்.

அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5 ஹேக் ஒப்பந்தத்தின்படி ஓர் ஆவணத்தோடு இணைக்கும் சான்று. கிட்டத்தட்ட சதுரமாக, பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டராவது இருக்கும். தலைப்பு பிரெஞ்சு மொழியில், கீழே ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட வரிகள். எந்த நாடு, யார் கையெழுத்து, அவர் என்ன பதவியில் கையெழுத்துப் போட்டார், யாருடைய முத்திரை, பிறகு சான்று தந்த இடம், தேதி, அதிகாரி, எண், முத்திரை, கையெழுத்து. அது சொல்வது அவ்வளவுதான். இந்தக் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்கிறது, உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று எங்கேயும் சொல்லவில்லை. இதை நினைவில் வையுங்கள், குழந்தையின் கோப்பு வரும்போது தேவைப்படும்.

அரசு ஆவணத்துக்கு நேரடியாக அப்போஸ்டில் கிடைக்கும். டாக்டர் கடிதம், முதலாளி கடிதம் போன்ற தனியார் காகிதங்களுக்கு முதலில் நோட்டரி, பிறகு அப்போஸ்டில். இரண்டில் ஒரு நாடு 1961 ஒப்பந்தத்தில் இல்லையென்றால் பழைய வழி: உங்கள் வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்த நாட்டுத் தூதரகம். பழைய குறிப்புகளை நம்பி அலையாதீர்கள். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் அப்போஸ்டிலுக்கு வந்தன. அதற்கு முன் எழுதிய வழிகாட்டிகள் இன்னும் தூதரக வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்போஸ்டில் வாங்கியபின் ஸ்டேப்பிளரைப் பிரிக்காதீர்கள். நகல் எடுக்க வசதியாக இருக்கும் என்று பின்னைக் கழற்றி, ஸ்கேன் செய்து, அதே ஓட்டையில் புதுப் பின் அடித்துக்கொண்டு வந்த ஒருவரின் கோப்பை நான் பார்த்திருக்கிறேன். காகிதத்தின் மூலையில் இரண்டு ஜோடி ஓட்டை. பார்த்தாலே தெரியும். பக்கம் மாற்றியிருக்கலாம் என்று அதிகாரி நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கங்களை மடித்துப் பிடித்து, பின் இருக்கும்படியே ஸ்கேன் செய்யுங்கள். மூலை கொஞ்சம் கறுப்பாக வந்தால் வரட்டும்.

மொழிபெயர்ப்பை எங்கே செய்வது என்று குழந்தையின் நாட்டிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பல நாடுகள் தங்கள் பட்டியலில் உள்ள, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் செய்ததை மட்டுமே ஏற்கும். அப்போஸ்டிலுக்குப் பிறகு மொழிபெயர்த்தால் அப்போஸ்டில் பக்கமும் மொழிபெயர்ப்பில் வரவேண்டும். வேறு எழுத்து முறை உள்ள மொழி என்றால், உங்கள் பெயர்கள் அந்த எழுத்தில் எப்படி வரவேண்டும் என்று ஒரு முறை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுங்கள். இல்லையென்றால் கணவர் பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று மாதிரி வரும்.

குழந்தையின் கோப்பு

ஒரு நாள் மின்னஞ்சலில் ஒரு புகைப்படம் வரும். அதன்பிறகு காகிதத்தை வாசிப்பது கஷ்டம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் "எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்று மனம் முடிவு கட்டிவிடும். அதனால் ஒரு யோசனை: கோப்பை முதலில் வாசிக்க வெளியாள் ஒருவரை முன்பே ஏற்பாடு செய்துவையுங்கள். மருத்துவப் பகுதிக்கு ஒரு குழந்தைநல மருத்துவர், தத்தெடுப்புக் கோப்புகள் பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது. மற்றதற்கு, உங்களிடம் தயவுதாட்சண்யம் பார்க்காத ஒரு நண்பர்.

பதில் சொல்ல ஒரு கெடு தருவார்கள். கெடு குறைவாக இருந்தாலும் கேள்வி கேட்க உரிமை உண்டு. "சீக்கிரம் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு குடும்பத்துக்குப் போய்விடும்" என்று நெருக்கும் குரல் வந்தால் இன்னும் நிதானமாகுங்கள்.

எதைப் பார்ப்பது? தேதிகளைத்தான். ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, கோப்பில் உள்ள எல்லாத் தேதிகளையும் வரிசையாக எழுதுங்கள். பிறந்த தேதி, குழந்தை கண்டெடுக்கப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட தேதி, இல்லத்தில் சேர்த்த தேதி, தாய் சம்மதம் எழுதிக்கொடுத்த தேதி, உறவினரைத் தேடி விளம்பரம் கொடுத்திருந்தால் அந்தத் தேதி, தத்துக்குத் தகுதி என்று அறிவித்த உத்தரவின் தேதி, முதல் மருத்துவப் பரிசோதனைத் தேதி. சம்மதப் பத்திரம் பிறந்த தேதிக்கு முந்தையது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகே வாங்கப்பட வேண்டும் என்று தத்தெடுப்பு ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. பணமோ வேறு ஆதாயமோ கொடுத்து வாங்கியதாக இருக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான். உறவினர் யாராவது வந்து கேட்கட்டும் என்று விளம்பரம் கொடுத்த மறுநாளே குழந்தை "யாருமற்றது" என்று உத்தரவு வந்திருந்தால், அந்த விளம்பரத்தை யார் வாசித்திருக்க முடியும்?

பிறந்த தேதிக்குப் பக்கத்தில் "மதிப்பிடப்பட்டது" என்று இருக்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை, கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கு வேறு எப்படித் தேதி வரும்? யார் மதிப்பிட்டார், எதை வைத்து என்று கேளுங்கள். எலும்பு வயது, பல், எடை, உயரம் எல்லாம் ஒரு வயதைச் சொல்லி, சான்றிதழ் வேறு வயதைச் சொன்னால் மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார். தலைச் சுற்றளவை ஒரு தடவை அளந்து எழுதியிருப்பது போதாது. பல மாத இடைவெளியில் எடுத்த அளவுகள் வேண்டும், வளர்ச்சிக் கோடு எப்படிப் போகிறது என்று அதில்தான் தெரியும். "ஆரோக்கியமான குழந்தை" என்ற ஒற்றை வரி மருத்துவ அறிக்கை ஆகாது.

ஒரே கையெழுத்து, ஒரே வாசகம், ஒரே பேனா என்று பல பத்திரங்கள் வந்தால் தணிக்கைக்காரியாக எனக்கு உடனே உறுத்தும். "தெருவோரம் கண்டெடுக்கப்பட்டது" என்ற அதே வரி ஒரே இல்லத்தின் பல கோப்புகளில் வருமானால் அது அச்சடித்து வைத்த கதையாகவும் இருக்கலாம். இது வீண் சந்தேகம் அல்ல. தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவுகளில், பெற்றோர் உள்ள குழந்தைகளை அநாதை என்று பதிந்ததும், ஒரு குழந்தையின் அடையாளத்தில் இன்னொன்றை அனுப்பியதும் நடந்ததாகச் சொல்லியிருக்கிறது. அப்படி அனுப்பப்பட்டவர்கள் இன்று ஐம்பது அறுபது வயதில் தங்கள் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைத் தேடுகிறார்கள். முத்திரையும் கையெழுத்தும் இருப்பது உள்ளே இருப்பதற்குச் சாட்சி இல்லை.

கேள்வி கேட்டால் குழந்தை கை நழுவிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். கேளுங்கள். நல்ல முறையில் நடந்த தத்தெடுப்பில் பதில் வரும், தாமதமாகவாவது வரும். எங்கள் மகளின் கோப்பில் இல்லத்தில் சேர்த்த தேதியும் முதல் தடுப்பூசித் தேதியும் முன்பின்னாக இருந்தன. கேட்டோம். அவள் முதலில் வேறொரு இல்லத்தில் இருந்திருக்கிறாள், அந்தப் பதிவேட்டின் நகலை அனுப்பினார்கள். அதில் அவளைக் கொண்டுவந்தபோது போர்த்தியிருந்த துணியின் நிறம் முதற்கொண்டு எழுதியிருந்தது. கேட்டிருக்காவிட்டால் அந்தப் பக்கம் எங்களிடம் வந்தே இருக்காது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒப்பந்தம் செலவுகளையும் நியாயமான தொழில் கட்டணத்தையும் மட்டுமே அனுமதிக்கிறது. ஒவ்வொரு தொகைக்கும் எதற்காக என்று எழுதிய ரசீது வாங்குங்கள், வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். "இதற்கு ரசீது வராது, கையில் கொண்டு வாருங்கள்" என்ற தொகை எதுவானாலும் கொடுக்காதீர்கள். நன்கொடை என்று கேட்டால் உங்கள் நாட்டு மத்திய அமைப்பிடம் எழுதிக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். பாதி நேரம் அந்தக் கேள்வியிலேயே நன்கொடை காணாமல் போய்விடும்.

மூன்றாவது கோப்பு: வரிசைதான் எல்லாம்

ஹேக் வழியில் நடை இப்படி. குழந்தையின் நாடு குழந்தையைப் பற்றிய அறிக்கை அனுப்பும். நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். உங்கள் நாடு, இந்தப் பெற்றோர் தகுதியானவர்கள், குழந்தை உள்ளே வந்து நிரந்தரமாக வசிக்க அனுமதி கிடைக்கும் என்று உறுதி செய்யும். இரண்டு அமைப்புகளும் "மேலே போகலாம்" என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளும். இதைத்தான் பதினேழாம் பிரிவுக் கடிதம் என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் குழந்தையை உங்களிடம் ஒப்படைக்கலாம், தத்து உத்தரவு போடலாம். உத்தரவுக்குப் பிறகு இருபத்துமூன்றாம் பிரிவுச் சான்றிதழ். இந்தத் தத்தெடுப்பு ஒப்பந்தப்படி நடந்தது என்று சொல்வது அதுதான், மற்ற உறுப்பு நாடுகள் அதை வைத்துத்தான் உங்கள் தத்தெடுப்பைத் தானாக ஏற்றுக்கொள்ளும்.

"நீதிமன்றத்தில் தேதி கிடைத்துவிட்டது, முதலில் உத்தரவை வாங்கிவிடுவோம், கடிதம் பின்னால் வரும்" என்று உள்ளூர் வக்கீல் சொல்லலாம். அவருக்கு அது நல்லெண்ணம். வரிசை மாறி வந்த உத்தரவு குழந்தையின் நாட்டில் செல்லும், உங்கள் நாட்டின் விசாவுக்கு உதவாமல் போகலாம். அப்புறம் சட்டப்படி நீங்கள் பெற்றோர், குழந்தையோ விமானம் ஏற முடியாது. அமெரிக்க முறையில், குழந்தைக்காகக் குடியேற்றத் துறையிடம் கொடுக்கும் ஐ-800 மனுவுக்குத் தற்காலிக ஒப்புதல் வாங்குவதும் விசா விண்ணப்பம் கொடுப்பதும் தத்து உத்தரவுக்கு முன்பு முடிய வேண்டும். உங்கள் நாட்டில் இதற்கு இணையான படி எது என்று கேட்டு, அட்டவணையில் சிவப்பில் எழுதிவையுங்கள்.

உத்தரவையும் சான்றிதழையும் கையில் கொடுக்கும்போது உணர்ச்சிவசப்படுவீர்கள், இயல்புதான். ஆனாலும் கவுன்டரை விட்டு நகரும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள்: உங்கள் இருவர் பெயர், குழந்தையின் பழைய பெயரும் புதிய பெயரும், பிறந்த தேதி, இருபத்துமூன்றாம் பிரிவுச் சான்றிதழில் பதினேழாம் பிரிவு ஒப்புதலின் தேதி. அங்கேயே திருத்தினால் அரை நாள் வேலை. ஊருக்குத் திரும்பியபின் ஓர் எழுத்தைத் திருத்த மறுபடி வக்கீல், மறுபடி மனு. சான்றளித்த நகல்களைத் தாராளமாக வாங்குங்கள், அப்போஸ்டிலோடு.

புதிய பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் பெற்றோராக வரும். பழைய சான்றிதழைச் சில அலுவலகங்கள் திரும்ப வாங்கிவைத்துக்கொள்ளும். கொடுக்கும் முன் சான்றளித்த நகல் கேளுங்கள். அது குழந்தைக்குச் சொந்தமானது.

வீடு வந்த பிறகு

இங்கேதான் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். குழந்தை வந்தாயிற்று, பள்ளியில் சேர்த்தாயிற்று, போதும் என்று தோன்றும். போதாது. அங்கே நடந்தது முழுத் தத்தெடுப்பா, பெற்ற குடும்பத்தோடு சட்ட உறவு அறுபடாத எளிய தத்தெடுப்பா, வெறும் பாதுகாவல் உத்தரவா என்று பாருங்கள். கடைசி இரண்டில் ஏதாவது ஒன்று என்றால் உங்கள் நாட்டில் மாற்றவோ மறுபடி தத்தெடுக்கவோ வேண்டியிருக்கும்.

அடுத்தது குடியுரிமை. விசா என்பது குடியுரிமை இல்லை, தத்து உத்தரவும் குடியுரிமை இல்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டம் 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது நிரம்பாதவர்களுக்குத்தான் தானாகக் குடியுரிமை தந்தது. அதற்குள் 18 தாண்டியிருந்தவர்களில், வளர்த்தவர்கள் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் பலர். அவர்களில் சிலர் நடுவயதில், மொழியே தெரியாத பிறந்த நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். குடியுரிமை தானாக வருகிறது என்று யார் சொன்னாலும் அதற்கான சான்றிதழைத் தனியாக விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதியாகும், சான்றிதழ் ஆகாது.

பிறந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டிய வளர்ச்சி அறிக்கைகள் சில வருடங்களுக்குத் தொடரும். எத்தனை, எப்போது என்பது நாட்டுக்கு நாடு வேறு. சலிப்பாக இருந்தாலும் தேதி தவறாமல் அனுப்புங்கள். முந்தைய குடும்பங்கள் அறிக்கை அனுப்பாமல் விட்டால் அந்த நாடு அடுத்து வருபவர்களைத்தான் சந்தேகப்படும்.

கடைசியாகப் பத்திரப்படுத்துவது. இரண்டாவது கோப்பைத் தனிப் பெட்டியில் வையுங்கள், குழந்தையின் பெயரெழுதி. மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கிப்போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் விட்ட ஒரு வரியைக் குழந்தை வளர்ந்தபின் வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். மின்னஞ்சல்களையும் அச்செடுத்து வையுங்கள், தபாலில் வந்த உறைகளையும் சேர்த்து, ஏனென்றால் உறையில்தான் அனுப்பியவர் முகவரி இருக்கும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். எதையும் லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். பளபளவென்று இருக்கும், ஆனால் நாளைக்கு அதன் மேல் யாரும் முத்திரை போட மாட்டார்கள்.